ஹெட்லைட்டுக்குள் வேர்த்தால்...

கேள்வி: என்னுடையது ஐந்து வருடப் பழைய பெட்ரோல் கார். ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து வலது பக்க ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்து, அடியில் கொஞ்சம் தண்ணீரும் தேங்கி நிற்கிறது. இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டரில் முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். தெருமுனை மெக்கானிக், சுற்றிலும் சிலிக்கான் வைத்து அடைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போன ஆவணியில் அந்தப் பக்கம் பல்பு மாற்றியதைத் தவிர வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.
- வேளச்சேரி வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு பல்பு மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான்.

முதலில் ஒரு விஷயம். ஹெட்லைட் என்பது காற்றுப் புகாத டப்பா இல்லை. வேண்டுமென்றே பின்பக்கம் சின்னச் சின்ன காற்றுத் துளைகள் வைத்துத்தான் செய்கிறார்கள், சில கார்களில் அது வளைந்த ரப்பர் குழாய், சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கிற சவ்வு ஒட்டிய மூடி. பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து வெளியேறும், அணைத்ததும் அல்லது மேலே மழை விழுந்ததும் சட்டென்று குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மழைக்கால ஈரக்காற்று அப்படி உள்ளே போனால், முதலில் குளிர்வது முன்பக்கக் கண்ணாடி (கண்ணாடி என்கிறோமே தவிர இன்றைக்கு அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) என்பதால் அதில்தான் ஆவி படியும். விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் மெல்ல மறைந்துவிடும். இதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கதை வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் தாங்குவது சுமார் 30 கிராம் ஈரம். ஹெட்லைட்டின் உள்ளிடம் 10 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம், அவ்வளவும் நீராகிவிட்டாலும் 0.3 கிராம், அதாவது ஆறேழு சொட்டு. அடியில் தேங்கி, காரைத் திருப்பும்போது ஆடுகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தால் அது காற்றோடு வந்ததாக இருக்காது, எங்கோ ஒழுகுகிறது.

அதுவும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பல்பு மாற்றிய பக்கம். பல கார்களில் ஒரு பக்கம் பேட்டரியோ வேறெதுவோ இடித்துக்கொண்டு கையே நுழையாது. பல்பு மாற்றுகிறவர் கண்ணால் பார்க்காமல் தடவித் தடவித்தான் பின்மூடியைப் போடுவார், ரப்பர் ஒரு இடத்தில் மடங்கிக்கொண்டால் அவருக்கும் தெரியாது. மின்விசிறி வைத்த எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் இன்னும் மோசம், மூடி உட்காராததால் அதை அப்படியே வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. (அந்த பல்புகள் எதிரில் வருகிறவர் கண்ணைக் கூச வைப்பது தனிக் கதை.)

அதனால் பானெட்டைத் திறந்து அந்த மூடியைப் பாருங்கள். மடங்கியோ வெடித்தோ இருந்தால் மூடியை மட்டும் மாற்றலாம். மூடி சரியாக இருந்தால் காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா, குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கண்ணாடியும் பின்கூடும் சேருகிற விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், பம்பரில் யாராவது லேசாக இடித்திருந்தால் வரும். ஹெட்லைட்டைக் கழற்றி விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றுத் துளை வழியாக மெதுவாக ஊதினால் ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும்.

காரணத்தைச் சரி செய்துவிட்டு அப்புறம் காய வையுங்கள். பல்பையும் மூடியையும் கழற்றி, வெயில் அடிக்கிற நாளில் பானெட்டைத் திறந்து சில மணி நேரம் விட்டாலே போதும். மழை விடாவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டலாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை மட்டும் வெறும் விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

சிலிக்கான் யோசனையை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றிலும் அடைக்கிற வேகத்தில் காற்றுத் துளையும் அடைபட்டால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியே இல்லை. வினிகர் வாசனை அடிக்கிற சாதாரண சிலிக்கான் காயும்போது வெளியாகிற அமிலம், உள்ளே பளபளக்கிற ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சையே கெடுக்கும். அந்தப் பூச்சு ஏற்கெனவே உரிந்து மங்கியிருந்தால் மட்டும் சர்வீஸ் சென்டர் சொன்னபடி புதுசு வாங்குங்கள்.

கேள்வி: புது கார், எல்.இ.டி. ஹெட்லைட். காலையில் இரண்டு பக்கமும் ஓரத்தில் பனி படிந்திருக்கிறது, ஊரைச் சுற்றி வந்த பிறகும் போகவில்லை. வாரன்டியில் மாற்றித் தருவார்களா?
- குன்னூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் தர மாட்டார்கள், எனக்கும் அது பழுதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஓரத்தில் மட்டும் மெல்லிசாக என்றால் அது உங்கள் ஊர்க் குளிர். பழைய ஹாலஜன் பல்பு 55 வாட்டில் பெரும்பகுதியைச் சூடாகவே கொட்டி முன்கண்ணாடியைக் காய வைத்துவிடும். எல்.இ.டி.யில் சூடு பின்பக்கத் தகடுகள் வழியாகப் போய்விடுகிறது, முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும், அதனால் காய நேரமாகிறது. வெயில் ஏறிய பிறகும் போகவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வழிகிறது என்றால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, வாரன்டி முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. வாட்டர் வாஷ் விடும்போது பிரஷர் குழாயை ஹெட்லைட் இடுக்குக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டுவிடலாமா?
- தக்கலை வாசகர்

பதில்: காய வைக்கிற இரண்டு நாளைக்கு, நூலில் கட்டி வைத்துப் பிறகு எடுத்துவிடுவதென்றால் சரி. நிரந்தரமாகப் போட்டால் ஈரம் குடித்து நிறைந்த பிறகு அது சும்மா கிடக்கும், பொட்டலம் கிழிந்தால் மணியெல்லாம் ரிஃப்ளெக்டருக்குள் உருளும், அதைப் பொறுக்கி எடுக்க ஹெட்லைட்டைத்தான் கழற்ற வேண்டும்.