குதிரை நொண்டுகிறது, காரணம் தெரியவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: "வெளியில் காயம் ஒன்றும் இல்லை, ஆனால் நொண்டுகிறது." உடனே "என்ன நோய்?" என்று கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் முதலில் கேட்பது, எந்தக் கால், அந்தக் காலில் எந்த இடம் என்பதை. இடம் பிடிபட்டுவிட்டால் நோயின் பெயர் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

கேள்வி: ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எந்தக் கால் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

சமமான, கெட்டியான தரையில் குதிரையை நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட டிராட் ஓட்டத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கயிறு தளர்வாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் தலை ஆடுவது தெரியாமலே போய்விடும். டிராட் ஓட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும். தாளம் சீராக இருப்பதால் அதில் பிசகு வந்தால் கண்ணுக்குத் தெரியும். காதுக்கும் தெரியும். ஒரு குளம்பின் சத்தம் மற்றதைவிட லேசாகக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் விழும்போது தலை கீழே இறங்கும். புதியவர்கள் பலர் தலை இறங்கும் பக்கத்தைத்தான் வலிக்கும் கால் என்று காட்டுவார்கள். அது நேர்மாறு.

பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து பாருங்கள். இடுப்பெலும்பின் இரு முனைகளிலும் வெள்ளை டேப் துண்டு ஒட்டிவிட்டால் எந்தப் பக்கம் அதிகமாக ஏறி இறங்குகிறது என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்துக் கால்தான் சந்தேகத்துக்குரியது. இங்கே ஒரு குழப்பம் உண்டு, அனுபவசாலிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். இடது பின்னங்கால் வலித்தால், அது விழும் நேரத்தில் குதிரை எடையை முன்னால் தள்ளத் தலையைத் தாழ்த்தும். அதே நேரத்தில் தரையில் இருப்பது வலது முன்னங்கால். பார்ப்பவருக்கு இடது முன்னங்கால் நொண்டுவது போலவே இருக்கும். ஆகவே முன்பக்கம் நொண்டல் தெரிந்தால், அதே பக்கத்துப் பின்னங்காலையும் ஒருமுறை பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் வரும் நாளில் நொண்டல் குறைந்திருந்தால் அது மிகவும் உதவும்.

கேள்வி: நேற்று மாலை வரை நன்றாக இருந்தது. இன்று காலை ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. எலும்பு முறிந்துவிட்டதா?

முறிவாகவும் இருக்கலாம். அதனால் மருத்துவர் பார்க்கும் வரை நடத்தவே நடத்தாதீர்கள். ஆனால் இப்படி ஒரே ராத்திரியில் வரும் கடும் நொண்டலுக்கு முறிவைவிட அதிகம் காரணமாவது குளம்புக்குள் கட்டிய சீழ். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மூன்று காலில் நிற்கும் குதிரையைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும்.

குளம்புக்கு மேலே வரும் முதல் பெரிய மூட்டின் பின்பக்கம், இரு ஓரங்களிலும் விரல் நுனியை லேசாக வையுங்கள். சாதாரணமாக நாடித்துடிப்பு அங்கே இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் தேட வேண்டாம், விரலைத் தட்டித் தள்ளுவது போலத் துடிக்கும். எதிர்க் காலில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். குளம்பும் சூடாக இருக்கலாம்.

மருத்துவர் குளம்பு இடுக்கியால் அழுத்திக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். அந்த இடத்தில் அடிப்பகுதியை மெல்லச் சீவினால் நூல் போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதைத் தொடர்ந்து போனால் சாம்பல் கலந்த கறுப்பு நீர் நாற்றத்துடன் பீறிடும். சற்று முன்பு வரை தொடவிடாத குதிரை கொஞ்ச நேரத்தில் அந்தக் காலை ஊன்றிப் பார்க்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி சலிப்பதில்லை.

வடிய வழி கிடைக்காத சீழ், குளம்பும் தோலும் சேரும் மேல் விளிம்பில் தானே உடைத்துக்கொண்டு வரும். அதுவரை குதிரை படும் பாடு அதிகம். நீங்களாகக் கத்தியால் தோண்ட வேண்டாம், ஆழமாகப் போனால் உயிருள்ள திசு வெட்டுப்படும். ஆன்டிபயாட்டிக்கையும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். வழி திறந்து வடியவிடுவதுதான் இதற்கு முதல் மருந்து. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும்.

கேள்வி: லாடம் அடித்த மூன்றாம் நாள் நொண்ட ஆரம்பித்தது. லாடம் அடித்தவரின் தவறா?

ஆணி உயிர்த்திசுவுக்கு மிக அருகில் போயிருக்கலாம். நேரே குத்தியிருந்தால் அடித்த உடனேயே குதிரை காட்டிக்கொடுத்திருக்கும். அருகில் போய் அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அவரையே கூப்பிடுங்கள். ஒவ்வொரு ஆணியின் தலையையும் சுத்தியால் லேசாகத் தட்டினால் எந்த ஆணி என்று குதிரையே சொல்லிவிடும். பிடுங்கிய ஆணியில் ஈரமோ நாற்றமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளம்புச் சுவர் மெல்லிசாக இருந்தாலோ, அடிக்கும் நேரத்தில் குதிரை காலை இழுத்தாலோ கைதேர்ந்தவருக்கும் இது நடக்கும். சண்டை வேண்டாம்.

இதே பேச்சில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வழியில் கிடந்த ஆணி குளம்பின் அடியில், குறிப்பாக நடுவிலிருக்கும் முக்கோண மெத்தைப் பகுதியில் ஏறியிருந்தால், பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் அது எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்கிறது, மூட்டையோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் உறையையோ தொட்டதா என்று தெரியும். பிடுங்கிவிட்டால் துளை மூடிக்கொள்ளும். அப்புறம் அந்த வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மேலும் உள்ளே ஏறாதபடி ஆணியைச் சுற்றிக் கட்டை வைத்துக் கட்டி, குதிரையை நகர்த்தாமல் வையுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நொண்டல் அப்படியே இருக்கிறது. இனி என்ன வழி?

எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்: நரம்பை மரக்கடிக்கும் ஊசி. வலி எங்கிருந்து வருகிறது என்று குதிரையைக் கேட்க இதைவிட நேரான வழி கிடையாது.

காலின் அடியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். முதலில் குளம்பின் பின்பகுதிக்குப் போகும் நரம்பு. ஊசி போட்டு ஐந்து, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி டிராட் ஓட்டம். நொண்டல் நின்றால் வலி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நிற்கவில்லையா, அடுத்த நரம்பு, அதற்கு மேலே அடுத்தது. மேலேயிருந்து ஆரம்பித்தால் கால் முழுவதும் ஒரேயடியாக மரத்துவிடும், இடம் பிடிபடாது. நேரம் பிடிக்கும் வேலை, பொறுமை வேண்டும். முறிவு என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது. வலி மறைந்த குதிரை முழு எடையையும் ஊன்றி, விரிசலை முழு முறிவாக்கிவிடும்.

ஒருமுறை வலது முன்னங்கால் நொண்டும் குதிரை ஒன்றுக்குக் கீழ் நரம்பில் ஊசி போட்டோம். வலது கால் சரியாகிவிட்டது. ஆனால் ஓட விட்டதும் இடது காலில் நொண்ட ஆரம்பித்தது! வளர்த்தவர் பதறிவிட்டார். இரண்டு குளம்பிலும் வலி இருந்திருக்கிறது, அதிகமாக வலித்த பக்கம் குறைவாக வலித்ததை மறைத்திருந்தது. குளம்பின் பின்பகுதியில் உள்ள நாவிக்குலர் எலும்பைச் சுற்றி வரும் நோய்களில் இது அடிக்கடி நடப்பதுதான்.

இடம் தெரிந்த பிறகு படம் எடுப்பதற்கு அர்த்தம் வரும். எலும்புக்கு எக்ஸ்ரே, தசைநாணுக்கும், எலும்பை எலும்போடு இணைக்கும் தசைநார்களுக்கும் அல்ட்ராசவுண்ட், குளம்புக்குள் இருக்கும் மென்திசுவுக்கு எம்.ஆர்.ஐ. இடமே பிடிபடாவிட்டாலோ, நுண்விரிசல் சந்தேகம் இருந்தாலோ எலும்பு ஸ்கேன். மயிரிழை விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல், 10 முதல் 14 நாள் கழித்து எடுத்ததில் தெரிவதும் உண்டு. ஆகவே "ஒன்றும் இல்லை" என்ற பேச்சை "இன்று, இந்த இடத்தில், எலும்பில் தெரியவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. படத்தில் தெரியும் பழைய தேய்மானம் எல்லாம் இன்றைய வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

கேள்வி: வலி மருந்து கொடுத்தால் நன்றாக ஓடுகிறது, நிறுத்தினால் திரும்ப நொண்டுகிறது. தொடர்ந்து கொடுக்கலாமா?

காரணம் தெரியாமல் வேண்டாம். ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகளை நீண்ட நாள் அல்லது அளவு மீறிக் கொடுத்தால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். வலி தெரியாமல் ஓடும் குதிரை அடிபட்ட இடத்தை இன்னும் கெடுத்துக்கொள்ளும். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு முன்னங்கால்களையும் தயங்கித் தயங்கி வைக்கிறது. நொண்டல் என்று சொல்ல முடியாது. வயதாகிவிட்டதாலா?

வயது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வலித்தால் தலை ஆடாது, காலடி மட்டும் குட்டையாகும். எனக்கு முதலில் தோன்றுவது லாமினைட்டிஸ். குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு அழன்று தளர்ந்துபோகும் நோய் அது. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கிறதா? திரும்பும்போது அதிகம் சிரமப்படுகிறதா? இரண்டு குளம்பிலும் நாடி பலமாகத் துடிக்கிறதா? கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்பு கெட்டியாகத் திரண்டிருக்கிறதா? அப்படியானால் இது அவசரம். காத்திருந்தால் எலும்பு குளம்புக்குள் சரிந்து இறங்கிவிடலாம்.

தானியத்தையும் பச்சைப் புல் மேய்ச்சலையும் உடனே நிறுத்துங்கள், காய்ந்த புல் போதும். தரையில் மெத்தையாகப் படுகை போடுங்கள். நடக்க வைத்தால் ரத்தம் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆரம்ப நேரத்தில் குளம்பைப் பனிக்கட்டியால் குளிரவைப்பது பலன் தரும். இன்சுலின் கோளாறு இதற்குப் பெரிய காரணம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். வயதான குதிரைக்கு முடி நீளமாக வளர்ந்து உதிராமல் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆள் ஏறினால் மட்டும் நொண்டுகிறது. பிடித்து ஓட்டினால் சரியாக இருக்கிறது.

சேணத்தைக் கழற்றி முதுகை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே தசை சுருங்கித் துடிக்கிறது என்று குறித்து வையுங்கள். சேணம் சரியாகப் பொருந்துகிறதா, வாயில் கூரான பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். லேசான பின்னங்கால் வலியும் எடை ஏறினால்தான் வெளியே தெரியும் என்பதால், மருத்துவர் ஒருமுறையாவது சவாரியோடு பார்க்க வேண்டும்.

கேள்வி: பத்து நாள் குட்டி ஒரு காலை நொண்டுகிறது. தாய் மிதித்திருக்கும் என்று நினைக்கிறோம். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம், இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த வயதுக் குட்டி நொண்டினால், இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை மூட்டில் கிருமி புகுந்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ ரத்தத்தில் கலந்த கிருமி மூட்டில் போய்த் தங்கிவிடும். பிறந்தவுடன் சீம்பால் போதுமான அளவு கிடைக்காத குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். ஒவ்வொரு மூட்டையும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டுத் தடவிப் பாருங்கள், எது வீங்கிச் சூடாக இருக்கிறது? தொப்புள் ஈரமாகவோ தடித்தோ இருக்கிறதா? காய்ச்சல் பாருங்கள், ஆனால் காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். மூட்டு நீரை எடுத்துச் சோதித்து, மூட்டைக் கழுவிவிட வேண்டியிருக்கும். ஒரு நாள் தாமதம்கூடக் குருத்தெலும்பைத் தின்றுவிடும். மருத்துவர் வரும் வரை தாயிடமிருந்து பிரிக்காமல், எழுந்து நின்று பால் குடிக்கிறதா, எத்தனை முறை குடிக்கிறது என்று எழுதி வையுங்கள்.