எந்தச் சமூகத்தை உண்மையான பல பண்பாட்டுச் சமூகம் என்று சொல்லலாம்?

பல மொழிக்காரர்களும் மதத்தினரும் ஒரே ஊரில் இருப்பது மட்டும் போதாது. அவரவர் தம் அடையாளத்தை மறைக்காமல், சம உரிமையோடு, அன்றாடம் கொடுத்து வாங்கி வாழ்ந்தால்தான் அது பல பண்பாட்டுச் சமூகம்.

வேலூரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவ மையம்தான் இன்றைய சிஎம்சி, அதாவது கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வங்காளத்திலிருந்து நோயாளிகள் வரவர, எதிர்த் தெருக்களின் விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது. மருந்துக்கடைப் பையன் மாத்திரை அட்டையைத் தட்டிக் காட்டி, 'சொகாலே ஏக்டா, ராத்தே ஏக்டா' என்கிறான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கேட்கும் தாயின் முகம் தெளிகிறது. ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவதே இதன் வேர். தேவை பழக்கமாகி, பழக்கம் மரியாதையாகிறது.

ஆனால் தேவை தீர்ந்த பிறகும் மரியாதை நிலைக்கச் சட்டம் வேண்டும். நம் அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு, தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உள்ளவர்கள் அவற்றைக் காத்துக்கொள்ள உரிமை தருகிறது. கனடா 1971-இல் பல பண்பாட்டை அரசின் கொள்கையாகவே அறிவித்தது. என் அளவுகோல் எளியது: வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரின் பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறதா?

ஆம்பூர் பிரியாணி பரிமாறிய வாழையிலையை நினைத்துப் பாருங்கள். சீரகச் சம்பா, கத்தரிக்காய், தயிர் வெங்காயம், மூன்றும் தனித்தனிச் சுவை. சேர்த்துச் சாப்பிட்டால்தான் நிறைவு. மிக்சியில் அரைத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது.

எல்லோரும் ஒன்றுபோல் மாறிவிடுவதே ஒற்றுமை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பெயர் கரைந்துபோவது, பல பண்பாடு அல்ல.