சுப்பாராவுக்கு ஏன் நோபல் கிடைக்கவில்லை?

வணக்கம் ஐயா,

பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மருந்தியல் அறிஞர்களைப் பற்றி மாணவர்களுக்காகச் சுவரொட்டிகள் தயாரிக்கிறோம். எல்லாப்பிரகடா சுப்பாராவ் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'ஏடிபியைக் கண்டுபிடித்தவர், இந்தியர் என்பதால் நோபல் மறுக்கப்பட்டவர்.' அப்படியே போடலாமா?

சிவகாமி

அன்புள்ள சிவகாமி,

போட வேண்டாம். 1929இல் ஹார்வர்டில் சுப்பாராவும் அவரோடு வேலை பார்த்த ஃபிஸ்கேவும், உடலின் செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டார். அவருக்கும் நோபல் கிடையாது. சுப்பாராவ் 1948இல், 53 வயதிலேயே போய்விட்டார். அவர் பார்த்தது போன்ற மருந்து உருவாக்க வேலைக்காக ஹிட்சிங்ஸும் எலியனும் நோபல் வாங்கியதே, அவர் போய் நாற்பது ஆண்டு கழித்து, 1988இல்தான்.

அவருக்கு அநியாயமே நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போய்ப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்தார்; எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஹார்வர்டும் நிரந்தர வேலை தரவில்லை. ஆனால் கிடைக்காத பரிசை வைத்தே ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்த அங்கலாய்ப்பில் அவர் பார்த்த வேலை காணாமல் போகிறது.

பாஸ்பேட்டை அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையை உங்கள் மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பார்கள். 1925இல் வந்தது. பாஸ்பேட் உள்ள கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, ஒடுக்கும் பொருளை விட்டால் நீலம் வரும். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது நிறம் சட்டென்று வரவில்லை, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. ரசாயனம் கெட்டுவிட்டது என்று கீழே கொட்டியிருக்கலாம். அவர்களோ, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை விடுகிற ஏதோ ஒன்று தசையில் இருக்கிறது என்று பிடித்தார்கள். தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியாட்டின் 1927இல் வெளிவந்தது இப்படித்தான். சுவரொட்டிக்கு நான் எடுப்பது இந்தக் கதையைத்தான்.

அப்புறம் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் தலைமையிலான குழு, பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. இதைப் பற்றி 1948இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் சுப்பாராவ் இல்லை. இன்று முடக்குவாதத்துக்கு வைத்தியம் பார்ப்பவரின் மருந்துச் சீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், வேறொரு நாள் ஃபோலிக் அமிலம் என்று இருக்கும். இரண்டுமே ஒரே ஆய்வகத்தின் சரக்கு!

யானைக்கால் நோய்க்குச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுக்கும் டிஇசி மாத்திரையும் அங்கிருந்து வந்ததுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். லெடர்லியில் அவர் செய்தது பெரும்பாலும் ஆட்களைச் சேர்த்து, எதைத் தேடுவது என்று முடிவெடுத்து, நடத்திக்கொண்டு போகிற வேலை. மூலக்கூறுகளைத் தயாரித்தவர்கள் குழுவிலிருந்த வேதியியலாளர்கள். அதனால் 'தனி ஒருவராகக் கண்டுபிடித்தார்' என்றும் போட வேண்டாம். ஏடிபி வருகிற இடத்தில் லோமான் பெயரும் இருக்கட்டும்.