நிரல் எழுதியவர் நிறுவனத்தை நடத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறாம் வகுப்பு விடுமுறையில் மாமாவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானாகவே புரோகிராம் எழுதக் கற்றேன். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் போனதில்லை. இப்போது 14 பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூத்த புரோகிராமர். நிறுவனத்துக்குக் கடன் இருக்கிறது. உடல்நலம் குன்றிய முதலாளி, “நீயே எடுத்து நடத்து” என்கிறார். சக ஊழியர்களும் வற்புறுத்துகிறார்கள். மனைவிக்குத் தயக்கம். எனக்கோ ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியாது. நிரல் எழுதுவதை விடவும் மனமில்லை. நான் என்ன செய்ய?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜப்பானின் சடோரு இவாடா நினைவுக்கு வந்தார். பின்னாளில் நிண்டெண்டோ என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் தலைவரானவர். ஆனால் உங்களுக்கு உதவக்கூடியது அந்தப் பெரிய பதவியல்ல, அதற்கு முந்தைய கதை.

சப்போரோ நகரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவர் கையில் கிடைத்தது ஹெச்பி-65 என்ற கால்குலேட்டர். அதில் நிரல் எழுதலாம், ஆனால் 100 கட்டளைகளுக்கு மேல் இடமில்லை. படம் கிடையாது, சிவப்பு எண்கள் மட்டும்தான் தெரியும். அந்த எண்களை வைத்தே விளையாட்டுகளை உருவாக்கி, வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் கொடுத்தார். அவன் ரசித்து விளையாடியதுதான் அடுத்ததை எழுதவைத்தது. தன் நிரல் இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசை அவரிடம் அப்போதே இருந்தது. மாமாவின் கடையில் நீங்கள் எழுதியதை முதலில் யாரிடம் காட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆசை உங்களிடமும் இருந்திருக்கும்.

டோக்கியோவில் கல்லூரியில் படித்தபோது கமோடோர் பெட் கணினி ஒன்றை வாங்கினார். இகெபுகுரோவில் ஒரு பல்பொருள் அங்காடியின் கணினிப் பிரிவே அவரைப் போன்றவர்கள் கூடும் இடம். அங்கே பழகியவர்கள் தொடங்கிய ஹால் லேபரட்டரியில் பகுதிநேரமாகச் சேர்ந்து, படிப்பு முடிந்ததும் 1982இல் முழுநேர ஊழியரானார். முரோரான் நகர மேயராக இருந்த தந்தைக்கு இந்தச் சிறிய நிறுவனம் பிடிக்கவே இல்லை. மறு ஆண்டே நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவி வந்தது. அதன் மூளையாக இருந்தது, இவாடா தன் பழைய கணினியில் பழகிய 6502 என்ற சில்லின் (சிப்) வழிவந்த ஒன்று. பொழுதுபோக்காகக் கற்றது பிழைப்பாக மாறியது. அதிர்ஷ்டம்தான், ஆனால் அந்தச் சில்லு அவருக்கு ஏற்கெனவே அத்துப்படி.

பிறகு ஹால் கடனில் மூழ்கியது. உதவ முன்வந்த நிண்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, இவாடா தலைவராக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 1993இல் பொறுப்பேற்றபோது இவாடாவுக்கு 33 வயது, உங்கள் வயதுதான் என்று வையுங்கள். கடன் 150 கோடி யென். நிர்வாகப் படிப்போ அனுபவமோ கிடையாது.

அவர் செய்தது எளிமையானது. ஊழியர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பின்னர் ஆண்டுக்கு இருமுறை என அதை வழக்கமாக்கினார். இத்தனை நாள் பக்கத்திலேயே வேலை பார்த்தவர்களைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியாமல் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கே சிக்கல், எதனால் சிக்கல் என்று பொறுமையாகத் தேடும் பழக்கத்தைக் கணினி கற்றுக்கொடுத்திருந்தது. அதையே இங்கும் கையாண்டார். 1999க்குள் கடன் அடைந்தது.

ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதட்டத் தெரியாது என்பதுதான் பொருள் என்றால், அது குறையே அல்ல. சக ஊழியர்களே உங்களைக் கேட்கிறார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த 14 பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். முடிவெடுத்த பிறகு அல்ல, இப்போதே. குறுக்கே பேசாமல் கேளுங்கள். நிறுவனம் பிழைக்குமா என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

நிரல் எழுதுவதை விட வேண்டியதில்லை, ஆனால் அதன் இடம் மாறும். தலைவரான பிறகும் இவாடா எழுதினார். ‘மதர் 2’ என்ற விளையாட்டு பாதியில் நின்று தவித்தபோது, இருப்பதைத் திருத்தினால் இரண்டு வருடம், முதலிலிருந்து எழுதினால் அரை வருடம் என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். 1994இல் அது வெளிவந்தது. இது எப்போதாவது வரும் நெருக்கடி, தினசரி வேலையல்ல. வாடிக்கையாளர் கேட்டுக் காத்திருக்கும் நிரலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக்கு ஓடும் நாளில் அது நின்றுபோகும், மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஊழியர்களின் வேலையை எளிதாக்கும் சிறு கருவிகளை எழுதுங்கள், அவர்களுடைய நிரலைப் படித்துப் பாருங்கள். இதுகூடப் போதாது, நாள் முழுக்க எழுதினால்தான் நிம்மதி என்றால் இந்தப் பொறுப்பை மறுத்துவிடுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை.

கடன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆடிட்டரிடம் மூன்று ஆண்டுக் கணக்கைக் காட்டுங்கள். ஜிஎஸ்டி பாக்கி இருக்கிறதா, சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணம் முறையாகக் கட்டப்பட்டதா, கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும், வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, வங்கி உங்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்குமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால், நிறுவனம் நொடித்த பிறகு வங்கி உங்கள் சொத்தையும் தொட முடியும்.

உங்கள் மனைவி தயங்குவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மனைவி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு முதலாளியிடம் சம்மதம் சொன்னால் போதும்.