கடற்கரை என்று யார் சொன்னது?

கேள்வி: 1992 யூரோ கோப்பைக்கு டென்மார்க் தகுதி பெறவே இல்லை. கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழுக்க அதிர்ஷ்டம்தானே?

பதில்: அதிர்ஷ்டம் இருக்கட்டும், முதலில் அந்தக் கடற்கரைக்கு வருகிறேன். முப்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டென்மார்க்கில் எந்த ஊரில் நின்றாலும் சுமார் 52 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். அதற்காக ஓர் அணியையே மணலில் படுக்கப் போடுவதா? ஜூன் 3 அன்று அந்த அணி கோபன்ஹேகனில், உடைந்த சோவியத்தின் மிச்சமான சிஐஎஸ் அணியோடு ஆடி 1-1 என்று டிரா செய்தது. பயிற்சியாளர் மோல்லர் நீல்சன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க இருந்தார், அது மட்டும் நிஜம்.

தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியாவுக்கு 14 புள்ளி, டென்மார்க்குக்கு 13. பெல்கிரேடுக்கே போய் யூகோஸ்லாவியாவை 2-1 என்று சாய்த்த அணி ஐயா அது! ஸ்வீடனில் அரையிறுதியில் நடப்பு சாம்பியன் ஹாலந்து, இறுதியில் உலகச் சாம்பியன் ஜெர்மனி. அரையிறுதியின் பெனால்டியில் ஹாலந்தின் வான் பாஸ்டன் அடித்ததை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார்.

அந்த அணியிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. இதே பக்கத்தில் பல முறை வாசகர்களோடு மல்லுக்கட்டிய விஷயம்தான்: பேக் பாஸ். இறுதி ஆட்டத்தில் நெருக்கடி வரும்போதெல்லாம் பந்தை ஷ்மைக்கேலுக்குத் திருப்பி உருட்டுவார்கள், அவர் கையில் அள்ளிக்கொள்வார். பார்க்கச் சகிக்காது. விதி அதை அனுமதித்தது, ஜெர்மனிக்கும் அதே விதிதான். சில வாரங்களில் பார்சிலோனா ஒலிம்பிக்ஸிலேயே அதற்குத் தடை வந்தது. கால்பந்தில் நான் கண்ட மிக நல்ல சட்டத் திருத்தம் அதுதான். இன்னும் எத்தனை பேர் மறுத்து எழுதினாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இப்போது அதிர்ஷ்டம். மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை, போரை முன்னிட்டு யூகோஸ்லாவியா மீது விளையாட்டு உட்படப் பல தடைகளை விதிக்கும் 757ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஸ்வீடனில் வந்து இறங்கிவிட்ட யூகோஸ்லாவிய அணி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பே அதன் பயிற்சியாளர் ஐவிகா ஓசிம் கண்ணீரோடு பதவி விலகியிருந்தார். அவர் பிறந்த சரயேவோ முற்றுகையில் கிடந்தது, மனைவியும் மகளும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்குக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். இதை அதிர்ஷ்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டென்மார்க் ஆட்டக்காரர் கிம் வில்ஃபோர்ட்டின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். பிரான்ஸுடனான ஆட்டத்தை விட்டுவிட்டு மகளிடம் போனார், அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். இறுதி ஆட்டத்தின் 78ஆவது நிமிடம், பெனால்டி பகுதியின் விளிம்பில் பந்தை எடுத்து, இருவரை ஏமாற்றி, இடது காலால் தரையோடு தரையாக அடித்தார். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 2-0.

அந்தக் கோடையிலேயே அந்தக் குழந்தை இறந்துபோனது.