பெல்லட் அடுப்பு பற்றாமல் நின்றால்: போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டு பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு உருளைகளை எரித்து அறையைச் சூடாக்குவது) சில வருடங்களாக நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இப்போது சுவிட்சைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, பெல்லட்டும் விழுகிறது. ஆனால் சில நேரம் தீயே பிடிப்பதில்லை. பிடித்தாலும் கால் மணி நேரத்தில் அணைந்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பார்க்க வந்தவர், கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபேனை ஓட்டுவதும் பெல்லட்டைத் தள்ளச் சொல்வதும் அந்த போர்டுதான். இரண்டும் நடக்கிறது என்றால் போர்டு பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பற்றுவதிலும் தகராறு, பற்றிய தீ நிலைப்பதிலும் தகராறு என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சாம்பலையும் காற்றோட்டத்தையும்தான். அதற்கு அடுத்துதான் இக்னைட்டர், அதாவது பெல்லட்டைப் பற்றவைக்கும் மின்சூடேற்றி. போர்டு கடைசி.

பெல்லட் அடுப்பு சாதாரண விறகடுப்பு மாதிரி கிடையாது. மேலே உள்ள தொட்டியிலிருந்து ஒரு திருகுத்தண்டு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரிகிண்ணத்தில் போடுகிறது. இக்னைட்டர் சூடாகி அதைப் பற்றவைக்கிறது. புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஓடுவதால் அடுப்புக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் கிண்ணத்தின் துளைகள் வழியாகப் புதுக்காற்று உள்ளே வருகிறது. தீ உண்மையிலேயே பிடித்துவிட்டதா என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்கிறது. இந்தச் சங்கிலியில் ஒன்று தப்பினாலும் அடுப்பு தானாகவே நின்றுவிடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே எது கெட்டது என்று கேட்பதற்கு முன், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை ஆரம்பத்திலிருந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெல்லட்டே விழவில்லை என்றால் தொட்டி மூடி, கதவு சரியாக மூடியிருக்கிறதா, திருகுத்தண்டில் மரத்தூள் இறுகியிருக்கிறதா, அதிக சூட்டில் துண்டிக்கும் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் எரிந்த பிறகு நின்றால் அறைக்குச் சூடு தள்ளும் ஃபேனில் தூசி அடைத்து அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம், அல்லது தொட்டியில் பெல்லட் பாலம் போல நின்று நடுவில் குழி விழுந்திருக்கலாம். உங்களுடையது இந்த இரண்டு வகையும் இல்லை. பெல்லட் வருகிறது, பற்றுவதில்தான் சிக்கல்.

கைவைப்பதற்கு முன் அடுப்பை முழுவதும் ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே அள்ளும் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, தீப்பிடிக்காத தரையில் வையுங்கள். சாதாரண வாக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம்: நுண்சாம்பல் அதன் ஃபில்டரைத் தாண்டி அறைக்குள் வரும், ஒரு சின்னக் கங்கு உள்ளே போனால் பையே எரியும். சாம்பலுக்கென்று தனி வாக்யூம் கிடைக்கிறது. அப்புறம் இன்னொரு விஷயம். பற்றாமல் போன ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் குவிந்திருக்கும் பெல்லட்டை ஆறிய பின் முழுவதும் அள்ளிவிட்டுத்தான் அடுத்த முயற்சி. குவியலோடு மறுபடி சுவிட்சைப் போட்டால் அது தீப்பிடிக்காமல் புகைந்துகொண்டே இருக்கும். உள்ளே நிறைந்த புகை திடீரென்று பற்றி வெடிக்கக்கூடும். அள்ளிய பெல்லட்டைத் தொட்டியில் திரும்பப் போடவும் கூடாது.

இப்போது எரிகிண்ணத்தை வெளியே எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எத்தனை துளை அடைந்திருக்கிறது என்று தெரியும். அடியில் கண்ணாடி மாதிரி கெட்டியாக ஒரு கட்டி ஒட்டியிருக்கும். பெல்லட்டில் இருந்த மண்ணும் மரப்பட்டைச் சாம்பலும் உருகி இறுகியது அது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையையும் அதே அளவுள்ள ஆணியாலோ துளைப்பான் முனையாலோ குத்தித் திறந்துவிடுங்கள். இக்னைட்டரின் சூடு வரும் துளையை மறக்க வேண்டாம். இக்னைட்டர் நன்றாக இருந்தும் தீ பிடிக்காததற்கு அந்த ஒரு துளை அடைந்திருப்பதே காரணமாக இருக்கலாம். கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது அது உட்காரும் விளிம்பைத் துடைத்துவிட்டு வையுங்கள். அங்கே ஒரு பட்டாணி அளவு கட்டி இருந்தாலும் கிண்ணம் சாய்ந்து நிற்கும், காற்று துளை வழியாக வராமல் சந்து வழியாக ஓடிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும், அடுப்பு மட்டும் பற்றாது.

அடுத்தது புகை போகும் வழி. எரியறையின் பின்சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் சாம்பல் தேங்கும் அறைகள் இருக்கின்றன. வாரம் தவறாமல் சுத்தம் செய்கிறவர்கள்கூட இவற்றைத் திறப்பதில்லை. பலகையைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கொட்டும் சாம்பலின் அளவு உங்களை ஆச்சரியப்படுத்தும். புகைக்குழாயின் அடிமூடியைத் திறந்து தட்டுங்கள். வெளிமுனையில் வலை இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது என்பதால் மட்டும் அது இழுக்கிறது என்று ஆகிவிடாது. இறக்கைகளில் கரி படிந்தாலோ பேரிங் தேய்ந்து வேகம் குறைந்தாலோ சத்தம் இருக்கும், இழுவை இருக்காது. ஃபேனைக் கழற்றினால் புது கேஸ்கெட் (சந்தை அடைக்கும் பட்டை) போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அந்தப் புகை ஃபேன் பக்கத்திலேயே, அல்லது புகை வழியில் வேறு இடத்தில், தீ பிடித்ததா என்று பார்க்கும் வெப்ப சென்சார் இருக்கும். உங்கள் ‘கால் மணி நேரம்’ எனக்கு முதலில் நினைவூட்டியது இதைத்தான். சென்சார் மேல் சாம்பல் போர்த்தியிருந்தால் கண்முன் தீ எரிந்தாலும் அதற்குச் சூடு எட்டாது. ஆரம்ப நேரம் முடிந்ததும், தீயே இல்லை என்று முடிவு செய்து போர்டு பெல்லட்டை நிறுத்திவிடும். மெல்லிய துணியால் துடையுங்கள், வளைக்காதீர்கள்.

புகை சரியாக இழுக்கப்படாவிட்டால் அடுப்பை நிறுத்தும் காற்றழுத்த சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயையும் சோதியுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். அது அடுப்போடு சேரும் முனை சாம்பலால் அடைத்துக்கொள்ளும். குழாயை சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகு அடுப்புப் பக்கமாக ஊதலாம், கம்பியால் குத்தலாம். சுவிட்சை நோக்கி ஊதினால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்துவிடும். இந்த சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் அடுப்பு ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புகை வெளியே போகாத அடுப்பையும் அது ஓடவிடும், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டுபிடித்து ஒலிக்கும் அலாரம் இல்லாத வீட்டில் இந்த அடுப்பு எரியவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கதவு கேஸ்கெட்டுக்குச் சுலபமான சோதனை உண்டு. ஒரு தாளை வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். தாராளமாக உருவி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் செத்துவிட்டது.

இவ்வளவும் முடிந்தும் தானாகப் பற்றவில்லை என்றால், ஆறிய காலிக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட்டைப் போட்டு, அதற்கென்றே விற்கும் ஜெல்லைத் தடவி, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் முறையில் கையால் பற்றவைத்துக் கதவை மூடி ஓடவிடுங்கள். நாள் முழுவதும் நன்றாக எரிந்தால் குற்றவாளி இக்னைட்டர் பக்கம்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் கூடாது; சூடான கிண்ணத்தில் ஜெல்லும் கூடாது. இக்னைட்டரைச் சோதிக்க, பிளக்கைப் பிடுங்கி அதன் இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய அளவு கிடைக்கும்: 300 வாட் இக்னைட்டர் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 176 ஓம், 120 வோல்ட்டில் 48 ஓம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, இக்னைட்டரை மாற்றினால் போதும்.

பெல்லட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஈரம் ஏறியது உப்பி, பளபளப்பு போய், விரலில் நசுங்கும். ஐரோப்பிய ஏ1 தரத்தில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. தொட்டியின் அடியில் தேங்கிய தூளைக் காலி செய்துவிட்டு, உலர்ந்த புது மூட்டை ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள்.

திரும்ப எரியும்போது தீயின் நிறத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற மஞ்சளில் துடிப்பாக எழுந்தால் சரி. மந்தமான ஆரஞ்சு நிறம், கருத்த நுனி, கண்ணாடியில் கரி என்றால் காற்று இன்னும் போதவில்லை. புகை வழியைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

இதற்குப் பிறகும் தீராவிட்டால் அந்த மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, என்ன எச்சரிக்கைக் குறியீடு காட்டியது, இக்னைட்டர் எத்தனை ஓம் என்பதைச் சொல்லி, அடுப்பு தொடங்கும் நேரத்தில் இக்னைட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஓடும்போது அளப்பது அவர் வேலை, நீங்கள் செய்ய வேண்டாம். ஃபியூஸ் நன்றாக இருந்து, ஒயரும் நன்றாக இருந்து, அந்த முனையில் வோல்ட் வரவில்லை என்றால் போர்டு போனது உண்மை. அப்போது மாற்றுங்கள்.