மோர்ஸ் டிகோடர் வாங்கலாமா?

கேள்வி: மோர்ஸைச் சுருதியாகக் கேட்கவைக்கும் எஸ்எஸ்பி வசதியுள்ள ஷார்ட்வேவ் ரேடியோ வைத்திருக்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மோர்ஸ் நிறையக் கேட்கிறது, ஆனால் எனக்கு மோர்ஸ் தெரியாது. மோர்ஸை எழுத்தாக்கிக் காட்டும், சின்னத் திரையோடு வரும் டிகோடர் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா? நண்பரிடம் இருப்பதில் ‘ஈ’, ‘டி’ என்றே வரிவரியாக ஓடுகிறது.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லேப்டாப் இருந்தால் மோர்ஸைப் படிக்கும் எஃப்எல்டிஜி என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள். ரேடியோவின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மி.மீ. கேபிள் எடுக்க வேண்டும். புது லேப்டாப்களில் மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒரே துளைதான். சாதாரண ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் ஒலி உள்ளே போகாது. தனி மைக் துளை உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். விண்டோஸில் மைக்கின் நாய்ஸ் சப்ரஷனை அணைத்துவிடுங்கள். மாறாத ஒரே சுருதியை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

நண்பரின் கருவி அநேகமாகப் பழுதில்லை. மோர்ஸில் ஒற்றைப் புள்ளி ‘ஈ’, ஒற்றைக் கோடு ‘டி’. சிக்னலுக்கேற்ப ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ரேடியோவின் ஏஜிசி, சிக்னல் நின்ற இடைவெளியில் இரைச்சலைத் தூக்கிவிடும். அதன் ஒவ்வொரு வெடிப்பையும் கருவி ஓர் எழுத்தாக எண்ணுகிறது. ஆர்எஃப் கெயினை (வரும் சிக்னலை ரேடியோ பெருக்கும் அளவை) குறைத்து வால்யூமைக் கூட்டினால் இடைவெளிகள் அமைதியாகும். ஃபில்டர், அதாவது ரேடியோ உள்ளே விடும் அலைவரிசையின் அகலம், 300 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். 50-க்கு இறுக்கினால் வேகமான புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

குறிப்பிட்ட சுருதியைக் கண்டதும் எல்இடியை எரியவிடும் எல்எம்567 ஐசி போட்ட மலிவு கிட்டுகளில் இன்னொரு தொல்லை. அந்த ஐசியின் பிடிப்பு, மைய அதிர்வெண்ணில் அதிகபட்சம் 14 சதவீதம். 700 ஹெர்ட்ஸில் வைத்தால் இரு பக்கமும் சேர்த்தே நூறு ஹெர்ட்ஸ் தேறாது. டியூனிங் கொஞ்சம் விலகினாலே எல்இடி எரியாது.

கேள்வி: கையால் அடிப்பதையும் படிக்குமா?

பதில்: இங்கேதான் எல்லா டிகோடரும் சறுக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் புள்ளி 60 மில்லிவினாடி, கோடு 180, எழுத்துகளுக்கு இடையே 180. கணினி அனுப்பினால் இந்தக் கணக்கு பிசகாது. சாதாரண கீயில் (மோர்ஸ் அடிக்கும் விசையில்) அடிப்பவர் ‘சி’யின் நடுவே சற்றே இழுத்தால் அது இரண்டு ‘என்’. அதேபோல் ‘கியூ’ உடைந்தால் ‘எம்’, ‘ஏ’. யாராவது பதில் தாருங்கள் என்னும் ‘சிகியூ’ என்ற அழைப்பு திரையில் ‘என்என்எம்ஏ’ ஆகிவிடும். காதால் கேட்பவர் ஊகித்துக்கொள்வார், கருவிக்கு அது வராது. சிக்னல் மங்கி எழும்போதும் கோடுகள் நறுங்கிப் புள்ளிகளாகும்.

கருவிதான் வேண்டும் என்றால் மைக் மட்டும் உள்ளதைத் தவிர்த்து, ஆடியோ கேபிள் செருக இடமும், சுருதியை மாற்றும் வசதியும் உள்ளதைப் பாருங்கள். வந்ததும் ரேடியோவில் மாட்டாதீர்கள். அமெரிக்க ஹாம் (அமெச்சூர் ரேடியோ) அமைப்பான ஏஆர்ஆர்எல் தன் தளத்தில் மோர்ஸ் பயிற்சி ஒலிக்கோப்புகளை எழுத்து வடிவத்தோடு வைத்திருக்கிறது. 15 சொல் வேகக் கோப்பைப் போனிலிருந்து கொடுத்து ஒப்பிடுங்கள். சுருதியைச் சரிசெய்தும் அதிலேயே தடுமாறினால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அதைச் சரியாகப் படித்து, ரேடியோவில் மட்டும் உளறினால் ஆன்டெனாவையும் ஃபில்டரையும் கவனியுங்கள்.